சிறப்பு விருந்தினர் பார்க்காத நாடகம்

கல்லூரி வாசல் ஃப்ளெக்ஸில் பட்டுச் சட்டை போட்டுக் கும்பிட்டபடி நிற்கிறாரே, அவர் யார் என்றுதானே கேட்டீர்கள் அக்கா? சங்கரலிங்கம் அண்ணாச்சி. ஜவுளிக்கடைக்காரர். கீழே "மாணவர் நாடகத்தைச் சிறப்பிக்க வருகை தரும்" என்று போட்டிருக்கும், பஸ் திரும்பியதில் நீங்கள் படித்திருக்க மாட்டீர்கள். வருகை தந்தார், அது உண்மை. நாடகத்தைத்தான் பார்க்கவில்லை. பார்க்க விடவில்லை. விடாதது நான்.

அப்படிப் பார்க்காதீர்கள். நான் முரடி இல்லை. எல்லாம் சட்டப்படிதான் செய்தேன். நீங்கள் சாத்தூர்தானே? நான் விருதுநகர். நேரம் இருக்கிறது. அந்தப் பையை இப்படிக் கொடுங்கள், காலடியில் வைத்துக்கொள்கிறேன். நடந்ததைச் சொல்கிறேன், நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லுங்கள். என் பக்கம் என்று சொன்னால் போதும்.

என் பேர் தமயந்தி. அந்தக் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் தற்காலிகம்தான். அதனால் வாயை அடக்கிக்கொண்டு இரு என்று வீட்டில் சொல்வார்கள். அடக்கிக்கொண்டுதான் இருக்கிறேன். நியாயம் இல்லாத இடத்தில் மட்டும்தான் பேசுவேன். எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்ட இடங்கள் கொஞ்சம் அதிகம், அதற்கு நான் என்ன செய்வது?

எங்கள் பிரின்சிபால் எபனேசர் சார் ஜூலையில் ஒரு பயிலரங்குக்குப் போய்வந்தார். பதிப்புரிமை பற்றி. போகும்போது நல்ல மனுஷராகத்தான் போனார். திரும்பி வந்தவர் முதல் வேலையாக ஜெராக்ஸ் மெஷின் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வகுப்பில் சினிமாத் துண்டு காட்டக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, புத்தகத்தைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பக்கூடாது. கரும்பலகை மட்டும் பாக்கி. அதையும் யாராவது கண்டுபிடித்திருப்பார்களே என்று நான் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

என் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாடகம் ஒரு பாடம். வருஷத்துக்கு ஒரு நாடகம் மேடையேற்றினால்தான் அவர்களுக்கு மதிப்பெண். நான் எடுத்துவைத்திருந்தது 'இரண்டு சாவி'. கோ. ச. அருளப்பன் என்று ஒருத்தர் எழுதியது. வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் ஒரு சாவியை வைத்துச் சண்டை. படித்தாலே சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். கடையில் கிடைக்காது, எங்கள் நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. அதை வைத்துக்கொண்டு எபனேசர் சார் முன்னால் நின்றேன்.

"ஏம்மா, இதை எழுதுனவர் உசுரோட இருக்காரா?"

"இருப்பார்னு நினைக்கிறேன் சார்."

"அப்ப வேண்டாம். உசுரோட இருக்கிறவங்க கேஸ் போடுவாங்க. நாமளே எழுதிக்கலாம். போன வருஷம் நெகிழி ஒழிப்பு போட்டோமே, நல்லாத்தானே இருந்துச்சு?"

நன்றாக இருந்ததாம். அதில் ஒரு பையன் பிளாஸ்டிக் பையாக வந்து கால் மணி நேரம் அழுதான் அக்கா. கடைசியில் எல்லாரும் சேர்ந்து அவனைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அதற்கு மேலும் அழுதான்.

எனக்குக் கோபம் வந்தால் படிப்பேன். அந்தப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். சட்டம் படிப்பது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை, முற்றுப்புள்ளி வரும்வரை மூச்சை அடக்கத் தெரிந்தால் போதும். ஐம்பத்திரண்டாம் பிரிவு. அங்கேதான் இருக்கிறது எல்லாம். ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்துகிறபோது நகல் எடுத்துக்கொள்ளலாம். கல்லூரிப் பணியாளரும் மாணவரும் கல்லூரியின் வேலையாக ஒரு நாடகத்தை நடித்துக்கொள்ளலாம். யாருடைய அனுமதியும் வேண்டாம். அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"அப்ப ஜெராக்ஸ்?"

"பாடத்துக்குன்னா எடுக்கலாம் சார்."

"பின்ன எதுக்கும்மா அந்தப் பயிலரங்குல அப்படிப் பயமுறுத்துனாங்க?"

"விதிவிலக்கெல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லியிருப்பாங்க சார். நீங்க தூங்கியிருப்பீங்க."

சிரித்துவிட்டார். சாவியையும் கொடுத்துவிட்டார். மோசமான மனுஷர் இல்லை அக்கா, பயந்த மனுஷர்.

என்ன? எழுதியவரிடமே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேயா? எதற்கு? கேட்க வேண்டாம் என்று சட்டமே சொல்கிறது. அதற்கப்புறமும் போய்க் கேட்டால், கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? முகவரி எல்லாம் இருந்தது, பின்னட்டையில். விருதுநகர்தான். நான் தினமும் போய்வரும் ஊர்தான். அது வேறு விஷயம். கொள்கை என்று ஒன்று இருக்கிறது.

சரி, ஒத்திகை தொடங்கிவிட்டோம். வீட்டுக்காரர் வேஷத்துக்கு மாரிச்செல்வி. இந்தப் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரைப் பார்த்தாலும் அப்படியே செய்து காட்டுவாள். முதல் வருஷம் எபனேசர் சார் மாதிரி செய்து காட்டினாள், வகுப்பே உருண்டது, வாசலில் எபனேசர் சாரே நின்றிருந்தார். "அப்பாவைக் கூட்டிட்டு வா" என்றார்.

எங்கள் கல்லூரியில் பெற்றோர் வருவது என்றால் அது ஒன்றுக்குத்தான். பிள்ளை பரிசு வாங்கினால் கூப்பிட மாட்டார்கள். மேடை ஏறினால் கூப்பிட மாட்டார்கள். தப்புச் செய்தால் கூப்பிடுவார்கள். அவள் அப்பா பரமசிவம் தீப்பெட்டி ஆபீஸில் லாரிக்கு லோடு ஏற்றுகிறவர். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து, பிரின்சிபால் அறை வாசலில் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன். அன்றைக்கு மகளிடம் ஒரு வார்த்தை திட்டவில்லையாம். "ரெண்டாம் வருசம் முடிச்சிரு தாயி. அதோட போதும். அந்த வாசல்ல இன்னொரு தடவை நிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாராம்.

இதை மாரிச்செல்வி என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு, "நாடகத்த மட்டும் எங்கப்பா ஒரு தடவ பாத்துட்டார்னா போதும் மேடம், மூணாம் வருசத்துக்கு மனசு எரங்கிருவாரு. ஆனா காலேஜுக்குள்ள அவர எப்படி வரவைக்க?" என்றாள்.  எனக்குப் பதில் தெரியாவிட்டால் ரொம்ப எரிச்சலாக இருக்கும்.

அந்த நேரம் பார்த்து எபனேசர் சார் கூப்பிட்டார். "தமயந்தி, நாடகம் ஜோரா நடக்கட்டும். நம்ம சங்கரலிங்கம் அண்ணாச்சியைச் சிறப்பு விருந்தினரா சொல்லியாச்சு. ஃப்ளெக்ஸும் அடிச்சாச்சு."

சிறப்பு விருந்தினர் இல்லாமல் எங்கள் கல்லூரியில் தண்ணீர்க் குழாய்கூடத் திறக்க மாட்டார்கள். பொன்னாடை, நினைவுப் பரிசு, அவர் சின்ன வயதில் கஷ்டப்பட்ட கதை, அவர் கஷ்டப்பட்டு முடிக்கிறபோது பிள்ளைகளுக்குப் பஸ் போயிருக்கும். எனக்குச் சட்டென்று அந்தப் பிரிவின் மீதி ஞாபகம் வந்தது. நடிக்கலாம், சரி. பார்ப்பவர்கள் யார்? பணியாளர், மாணவர், மாணவரின் பெற்றோர், காப்பாளர், அந்த நிறுவனத்தின் வேலைகளோடு தொடர்புடையவர்கள். அவ்வளவுதான். அதே தாளில், நான் அச்செடுத்துக் கொடுத்த அதே தாளில்.

"சார், அண்ணாச்சி வரக்கூடாது."

"ஏம்மா?"

"வெளியாள். அவர் உட்கார்ந்து பார்த்தா நாம திருடுன மாதிரி."

"அதான் தொடர்புடையவர்னு போட்டிருக்கே. சீருடைத் துணி யார் கடை? அவர் கடை."

"அப்ப கேன்டீனுக்கு மாவு கொடுக்கிறவர், கழிவுநீர் லாரிக்காரர், எல்லாரையும் முதல் வரிசையில உட்கார வைப்போமா சார்?"

"லாரிக்காரரை விடும்மா."

"நான் விடலாம் சார், சட்டம் விடுமா? அருளப்பன் உசுரோட இருக்கார் சார்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு மனுஷர் வெலவெலத்துப் போனார். அப்போதுதான் நான் மெதுவாகச் சொன்னேன். "ஹால் காலியா இருக்குமேன்னு பார்க்காதீங்க சார். பெற்றோர் வரலாம். சட்டத்துலயே இருக்கு. பெற்றோர்னு தனியாப் போட்டிருக்கான்."

 கடைசியில் ஒரு சமாதானம் செய்தார். அண்ணாச்சி வருவார். விளக்கேற்றுவார், பொன்னாடை வாங்கிக்கொள்வார், பேசுவார். பிறகு பிரின்சிபால் அறைக்குச் சிற்றுண்டிக்கு அழைத்துப் போய்விடுவது. ஹால் கதவைச் சாத்திவிட்டு நாடகம். "கதவுகிட்ட நீதான் நிக்கணும்" என்றார். நின்றேன்.

எல்லா வீட்டுக்கும் அலுவலகத்திலிருந்து போன் போட்டுச் சொன்னார்கள். அங்கேதான் வந்தது வினை. அலுவலகத்துக்கு எப்போதும் சொல்லிப் பழகிய ஒரே வாக்கியம்தான் வரும். "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்குப் பெற்றோர் கண்டிப்பா வரணும், பிரின்சிபால் சொன்னார்." நாடகம் என்ற வார்த்தையே இல்லை.

வெள்ளிக்கிழமை பார்க்க வேண்டுமே நீங்கள். இழவு வீட்டுக்கு வந்த மாதிரி வருகிறார்கள். வரும்போதே ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னப் புள்ள மேடம், இந்த ஒருதடவ மன்னிச்சிருங்க" என்கிறார். எதற்கு என்று கேட்டால், "நீங்கதான் சொல்லணும்" என்கிறார். இன்னொருத்தர் மகனைப் பார்த்ததும் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று விசாரித்தார். அந்தப் பையன் குடித்தனக்காரர் வேஷத்தில் இருந்தான், ஒட்டுமீசை விழுந்துவிட்டது. ஒரு குடும்பம் சிபாரிசுக்கு வார்டு கவுன்சிலரையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. கவுன்சிலரை நான் உள்ளே விடவில்லை. யாருக்குப் பெற்றோர் அவர்? கொண்டுபோய் அண்ணாச்சியோடு உட்கார வைத்தோம். இரண்டு பேரும் போண்டா சாப்பிட்டார்கள்.

எல்லாரும் வந்தாயிற்று. பரமசிவம் மட்டும் இல்லை. மாரிச்செல்வி திரையை விலக்கி விலக்கிப் பார்க்கிறாள். முதல் மணி அடித்தாயிற்று. நான் கதவை அட்டெண்டர் முத்தையாவிடம் விட்டுவிட்டு வராந்தாவில் ஓடினேன். அவர் வந்துதான் இருந்தார் அக்கா. தேய்த்த சட்டை. பிரின்சிபால் அறை வாசலில், போன வருஷம் நின்ற அதே இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

"இங்க இல்லண்ணே, ஹாலுக்கு வாங்க."

"ஹாலுக்கா? அத்தன பேரு முன்னாலயா டீச்சர்? என்ன தப்பு பண்ணுச்சு?"

"தப்பு ஒண்ணும் இல்ல. நடிக்குறா."

"யாருகிட்ட நடிச்சா?"

எனக்கு விளக்கிச் சொல்ல நேரம் இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். உட்காருகிறபோது தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு உதறு உதறி, நாலாக மடித்து, மறுபடி தோளில் போட்டார். இரண்டு தடவை கனைத்துக்கொண்டார்.  அந்த உதறலை நான் ஒத்திகையில் ஒரு மாசமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அருளப்பன் எழுதாதது. மாரிச்செல்வியாகச் சேர்த்தது. நான்கூட "நல்ல கற்பனை" என்று பாராட்டியிருந்தேன்.

திரை விலகியது. வீட்டுக்காரர் வந்தார். துண்டை எடுத்து உதறினார், நாலாக மடித்தார், தோளில் போட்டார், இரண்டு கனைப்பு. "சரி, இப்ப என்ன பண்ணச் சொல்லுத?" ஹால் சிரித்தது. பரமசிவம் சிரிக்கவில்லை. அவர் வரிசையில் இருந்தவர்கள் மேடையைப் பார்க்கிறார்கள், அவரைப் பார்க்கிறார்கள், மறுபடி மேடையைப் பார்க்கிறார்கள். முடிந்தது, மூன்றாம் வருஷமும் போயிற்று என்று நினைத்தேன். அப்பாவைப் பார்த்து நடித்ததற்கு ஐம்பத்திரண்டாம் பிரிவில் வழி இருக்கிறதா என்றுகூட மனசு தேடியது. இல்லை.

இரண்டாவது தடவை மேடையில் துண்டு உதறியபோது பரமசிவம் பக்கத்தில் இருந்த அம்மாவிடம் குனிந்தார். வரிசை ஓரத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"அது நாந்தான்."

மூன்றாவது தடவைக்குப் பின்வரிசைக்காரர்களும் பார்க்கட்டும் என்று எழுந்து நின்றே துண்டை உதறினார். பின்னால் இருந்தவர்கள் "உக்காருங்கண்ணே, மறைக்குது" என்றார்கள். உட்காரவில்லை.

அண்ணாச்சியா? கேளுங்கள். ஹாலில் சிரிக்கிற சத்தம் அறைவரை போயிருக்கிறது. போண்டாவைக் கையில் எடுத்துக்கொண்டே வந்துவிட்டார், கவுன்சிலர் பின்னாலேயே. அதற்குள் நான் கதவுக்குத் திரும்பியிருந்தேன்.

"என்னம்மா, என் போட்டோ வாசல்ல தொங்குது, என்னய வெளிய நிறுத்துதியே?"

"போட்டோவுக்குத் தடை இல்ல அண்ணாச்சி. நீங்கதான் சட்டப்படி வெளியாள்."

"எங்கிட்டு நின்னா உள்ளாளு?"

 அவரே வராந்தா பக்கம் போய், பெஞ்சை இழுத்துப் போட்டு, ஜன்னல் வழியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஒரே பெஞ்சில் இரண்டு பேரும் ஏறி நிற்கிறார்கள். யோசித்துப் பார்த்தேன். நாம் இருக்கை கொடுக்கவில்லை. அழைத்து உட்கார வைக்கவில்லை. எட்டிப் பார்ப்பவர் பார்வையாளர் ஆகமாட்டார். பெஞ்சு மேல் நின்றதில் தலை வேறு ஜன்னலின் மேல்சட்டத்தில் போய் இடித்ததால் நடிப்பவர்களின் கால்தான் தெரிந்திருக்கும். அதனால்தான் சொல்கிறேன், அவர் நாடகத்தைப் பார்க்கவில்லை.

முடிந்ததும் எபனேசர் சார் மூன்றாவது வரிசைக்கு ஓடி வந்து, மாரிச்செல்வி அப்பாவிடம், "உங்க பொண்ணுதானா?" என்றார். பரமசிவம் நேராக நிமிர்ந்து, "ஆமாய்யா. அடுத்த வருசமும் இங்கதான் படிக்கா" என்றார். அந்தப் பிள்ளை ஒட்டுமீசையோடு அழுதது, மீசை நனைந்து ஒரு பக்கம் தொங்கிப்போய்விட்டது.

போகும்போது அவர் என்னிடம் வந்து, "இத அவ ஆத்தா பாக்கணுமே டீச்சர். கால ஒடிச்சிக்கிட்டுக் கெடக்கா" என்றார். முத்தையா போனில் முழுசாகப் படம் எடுத்திருந்தார். அன்றைக்கே யூடியூபில் போட்டுவிட்டேன். இதோ பாருங்கள், இதுதான். நாலாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

அது சட்டப்படி சரியா என்றா கேட்கிறீர்கள்? அக்கா, அது அவள் அம்மாவுக்குப் போட்டது. அம்மா பெற்றோர்தானே? மற்ற எல்லாரும் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்கள். அண்ணாச்சி மாதிரி.

ஆனால் எட்டிப் பார்ப்பவர்கள் சும்மா இருக்கிறார்களா? கீழே வந்து பேசுகிறார்கள். ஒருத்தரை நேற்று நல்லபடியாக வாயடைத்தேன், வாசிக்கிறேன் கேளுங்கள். ஏதோ ஜி.எஸ்.ஏ., ரோஜாப்பூப் படம். "வீட்டுக்காரராக வந்த பெண்ணுக்கு என் வணக்கம். அந்தத் துண்டு உதறல் நாடகத்தில் இல்லாதது. எழுதும்போது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. கூப்பிட்டிருந்தால் நேரில் வந்து பார்த்திருப்பேன்." வந்து பார்த்திருப்பாராம். என் பதில் பாருங்கள். "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. பதிப்புரிமைச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவின்படி இந்நாடகத்தைப் பார்க்கும் உரிமை பணியாளர், மாணவர், பெற்றோர் முதலியோருக்கே உண்டு. தங்களைப் போன்ற வெளியாட்களுக்கு இல்லை. பதிப்புரிமை பற்றி மேலும் அறிய விரும்பினால் என்னை அணுகலாம்." அதற்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டிருக்கிறார். ஒத்துக்கொண்டார்.

என்ன அக்கா, ஏன் கையைப் பிடிக்கிறீர்கள்? மறுபடி வாசிக்கவா? எதை, அவருடையதையா? "...நாடகத்தில் இல்லாதது. எழுதும்போது எனக்குத்..."

எழுதும்போது எனக்கு.

ஜி.எஸ்.ஏ. கோ. ச. அ.

உங்களிடம் தண்ணீர் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள் அக்கா. எனக்கே சிரிப்பு வருகிறது, ஆனால் நீங்கள் சிரிக்காதீர்கள். இப்போதும் சொல்கிறேன், நான் எழுதியதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை. அவர் பணியாளரா? இல்லை. மாணவரா? இல்லை. பெற்றோரா? எந்தப் பட்டியலில் அவரைச் சேர்ப்பது? நாடகம் எழுதியவரும் வந்து பார்க்கலாம் என்று அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை. அது சட்டம் எழுதியவர்களின் மறதி, என்னுடையது இல்லை.

சாத்தூர் வந்துவிட்டது. இந்தாருங்கள் உங்கள் பை. நானா? விருதுநகரில் இறங்கி நேரே வீட்டுக்குப் போகப்போவதில்லை. பின்னட்டை முகவரி எனக்கு மனப்பாடம். மன்னிப்பு எல்லாம் இல்லை அக்கா, அழைப்பு. பிள்ளைகள் இன்னொரு தடவை 'இரண்டு சாவி' போடுவார்கள், அவர் முதல் வரிசையில் உட்கார வேண்டும், பொன்னாடையோடு. அண்ணாச்சியும் உள்ளேயே உட்காரட்டும், எழுதியவர் சரி என்றால் யாரும் வெளியாள் இல்லை. எபனேசர் சார்தான், நாடகத்துக்குச் சிறப்பு விருந்தினரே கூடாது என்று நீதானேம்மா சொன்னே என்பார். சொல்லட்டும். சிறப்பு விருந்தினர் இல்லாமல் நாடகம் போடுவது எவ்வளவு பெரிய தப்பு என்று திங்கட்கிழமை அவருக்கு நானே விளக்கிச் சொல்கிறேன்.